அக்காவுக்கு மூன்று நரி, எனக்கு நான்கு

சேலத்திலிருந்து பெங்களூருக்குக் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று பலமுறை போயிருக்கிறேன். காட்டில் ஓடுவதற்காகப் போனது போன டிசம்பரில்தான். என் அக்கா விஜயாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஸ்ரீராம்புரத்தில் வீடு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மிச்ச நேரமெல்லாம் அமெச்சூர் வானொலி. அந்தப் பைத்தியம் அவளிடமிருந்துதான் எனக்கும் ஒட்டிக்கொண்டது. முழங்கால் அறுவைக்குப் பிறகு இரண்டு போட்டிகளில் அவள் நேரத்துக்குள் வந்து சேரவில்லை. மாமாவும் பிள்ளைகளும் போதும், வீட்டில் உட்கார் என்று பிடித்துக்கொண்டார்கள். இந்த முறையும் தாமதமானால் ரிசீவரை வானொலிக் கிளப்புக்குக் கொடுத்துவிடுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அது அவளே சால்டர் வைத்துச் செய்த ரிசீவர். எனக்கு மனசு கேட்கவில்லை, துணைக்குக் கிளம்பினேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: காட்டில் ஐந்து சிறிய டிரான்ஸ்மிட்டர்களை ஒளித்து வைப்பார்கள். நாங்கள் அவற்றை நரி என்போம். ஒவ்வொன்றும் முறை வைத்து ஒரு நிமிடம் மட்டும் மோர்ஸ் ஒலிக்குறியில் கூவும். கடைசியில் வரும் புள்ளிகளை எண்ணினால் எத்தனையாவது நரி என்று தெரியும். ரிசீவரைத் திருப்பித் திசை பிடித்து, வரைபடத்தில் கோடு போட்டு, தேடி ஓட வேண்டும். எல்லா நரியும் எல்லோருக்கும் கிடையாது. இந்தப் போட்டியில் இளைஞர்களுக்கு ஐந்தும், முப்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு, அதாவது எனக்கு, நான்கும், ஐம்பது தாண்டியவர்களுக்கு மூன்றும் ஒதுக்கியிருந்தார்கள். நேரம் மட்டும் எல்லோருக்கும் இரண்டு மணி. தாண்டினால் பிடித்த நரி எதுவும் கணக்கில் வராது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, கனகபுரா சாலையில் கடைசி நிலையத்தில் இறங்கினோம். முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆளுக்கு எண்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கிருந்து போட்டி நடந்த தைலமரத் தோப்புக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

ஓட்டுநர் அக்கா மடியிலிருந்த ரிசீவரின் ஆன்டெனா வளையத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னாக்கா அது, புதையல் தேடுற மிஷினா?"

"அந்த மாதிரிதாம்பா. காட்டுல பொட்டி ஒளிச்சு வெச்சிருப்பாங்க, கண்டுபுடிக்கணும்."

"புடிச்சா இன்னா குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்கமாட்டாங்க."

"சும்மனே ஓடுறதா!" என்று சிரித்தவர், இறங்கும்போது அக்காவின் முழங்கால் பட்டையைப் பார்த்துவிட்டு, "ஜோப்பானக்கா, பாத்து ஓடு" என்றார்.

ஒரே சமயத்தில் எங்கள் இருவரையும் விட்டார்கள். முதல் நரி சுலபமாகக் கிடைத்தது. மூன்றாவது எங்கள் இருவர் பட்டியலிலும் இருந்தது. அதன் திசை நேராக ஒரு பாறைக் குன்றைக் காட்டியது. அக்காவோ குன்றை விட்டுவிட்டு, கீழே வண்டிப் பாதையில் நான்காவது நரி இருக்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். நான்காவது அவளுக்குக் கிடையாது. நான்கு புள்ளியை மூன்று என்று எண்ணிவிட்டாள் என்று எனக்குப் பகீரென்றது. வாயைத் திறந்து உதவினால் இரண்டு பேரையும் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு குன்றில் ஏறினேன். வழியெல்லாம் அவளை எப்படித் தேற்றுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

குன்றின் மறுபக்கம் செங்குத்தாக இறங்கியது. கீழே போக வழியில்லை. சுற்றிப் போகப் பார்த்தால் உண்ணிச்செடிப் புதர். கை காலெல்லாம் கீறிக்கொண்டு, வந்த வழியே இறங்கி, நான்கு நரியையும் பிடித்துவிட்டு ஓடி வந்தேன். ஆறு நிமிடம் தாமதம். முடிவுக் கோட்டுக்கு அருகே அக்கா மோர் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நரி, பதினோரு நிமிடம் மிச்சம்.

"மூணாவத எப்பிடிப் புடிச்சேன்னா கேக்குற? பாதையிலயே கொஞ்ச தூரம் நடந்து மூணாவத இன்னொருக்கா கேட்டேன். ரெண்டு கோடும் குன்னுக்குப் பின்னால ஒண்ணு சேந்துச்சு. தரையோட சுத்திப் போயிட்டேன். இந்தக் காலோட எவ ஏறுவா?"

வயது கூடக்கூடப் பந்தயம் சுலபமாகிறது என்று நினைத்திருந்தேன். நடையைத்தான் குறைக்கிறார்கள்; தேடுவதை யாரும் குறைக்க முடியாது. அக்காவின் மூன்று நரியும் என் பட்டியலிலும் இருந்தவைதான். அதே புதர், அதே அரைகுறைச் சத்தம்.

போக நினைப்பவர்களுக்கு: வயதானவர்கள் விரும்பினால் இளையவர் பிரிவில் ஓடலாம், இளையவர்கள் மூத்தோர் பிரிவுக்கு வர முடியாது. முழுக்கால் சட்டை கட்டாயம். ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். திரும்புவதற்கு ஆட்டோ கிடைப்பது கஷ்டம். வந்த ஆட்டோக்காரரிடமே எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் மெட்ரோவில் அக்கா மாமாவுக்குப் போன் செய்து, "ரிசீவர் எங்கயும் போகாது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. அவள் என் கைக் கீறல்களைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"காட்டுல என்னப் பாத்தப்போ ஏண்டி மூஞ்சிய அப்பிடி வெச்சிருந்த?"

"நீ தப்பான நரிய தேடிப் போறேன்னு நெனச்சேங்க்கா."

துடைத்த கை நின்றது.

"நீயுமா?" என்றாள்.