என்றைக்கும் மாப்பிள்ளை

கீழக்கரையில் எங்கள் கார் டயர் பஞ்சர். கணவர் ஸ்டெப்னி மாற்றுகிறார். எதிர்வீட்டு ரஹ்மத் அக்கா என்னை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் தருகிறாள். அறுபது வயதிருக்கும். தன் கணவரை மாப்பிள்ளை என்றே சொல்கிறாள்.

"இன்னுமா மாப்பிள்ளை?"

"ஆமா தங்கச்சி. எங்க ஊருல பொண்ணுக்குத்தான் வீடு. இது எங்க வாப்பா எனக்குக் கட்டிக் குடுத்தது. அவுக இங்கன வந்து இருக்கிறவுக. மவுத்தாகுற வரைக்கும் மாப்பிள்ளதானே?"

தொழுதுவிட்டு வந்த மாப்பிள்ளை வாசலில் நின்று செருமுகிறார். அக்கா கதவைத் திறக்கிறாள். ஃபேனை அவர் பக்கம் திருப்பி, தட்டில் தொதல் அல்வா வைக்கிறாள்.

அக்காவின் மேல் எனக்குப் பொறாமை. அவர்மேல் அதைவிடப் பொறாமை. நானும் இன்னொருவர் வீட்டுக்கு வந்து இருக்கிறவள்தான். வந்த அன்றே எனக்கு அடுப்பைக் காட்டினார்கள்.