கண்டக்டர் பாண்டுரங்கன் பிடித்த சீட்

இருபத்தாறு வருஷமாக ஊராரை உட்கார வைத்தே வந்த ஒருவருக்குத் தனக்கென்று ஒரு சீட்டைத் தேர்ந்தெடுக்கத் தெரியுமா? செஞ்சி–அவலூர்பேட்டை தனியார் பஸ்ஸின் கண்டக்டர் பாண்டுரங்கனைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும்.

போன ஆடியில் அதற்குச் சோதனை வந்தது. மகள் அறிவுமதியின் அணி பெண்கள் கபடியில் அரையிறுதிக்குப் போய்விட்டது. ஆட்டம் சென்னையில், ஓர் உள்விளையாட்டரங்கில். “நைனா, ரெய்டு போறதுக்கு முன்னாடி உன் மூஞ்ச ஒரு தபா பாக்கணும். எனக்கு நேரா உக்காரு” என்று போனில் சொல்லியிருந்தாள்.

மச்சான் மகன் குரு செல்போனில் அரங்கத்தின் படத்தைத் திறந்து, எந்த சீட் என்று கேட்டான்.

“இடது பக்கம் வேணாம். மதியானம் வெயில் அடிக்கும்.”

“மேல கூரை இருக்குது மாமா.”

“கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும்.”

“அது ஓடாது மாமா. நின்ன எடத்துலயே நிக்கும்.”

“அப்ப பிரேக்டவுன் வண்டின்னு சொல்லு” என்றாள் மனைவி வசந்தா.

எதிரணிக்குப் பின்னால், மகளின் முகத்துக்கு நேராக இரண்டு சீட் எடுத்தார்கள். எண் போட்ட சீட் என்று குரு படித்துப் படித்துச் சொல்லியும், அரங்கத்துக்குள் நுழைந்ததும் பாண்டுரங்கன் தூரத்திலிருந்தே துண்டை வீசி இடம் பிடித்தார். அது யாரோ ஒருவர் தலையில் விழுந்தது.

அறிவுமதி நிமிர்ந்து பார்த்தாள், போனாள், தொட்டாள், வந்தாள். ஒவ்வொரு ரெய்டும் அப்படித்தான். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது மகளின் முதுகுதான் தெரிந்தது.

“இன்னாய்யா இது, வண்டியத் திருப்பிட்டாங்க?” என்றாள் வசந்தா.

பாண்டுரங்கன் துண்டோடு எதிர்ப்பக்கம் ஓடினார், வசந்தா பின்னாலேயே. அங்கே ஓரமெல்லாம் ஆட்கள். அவர் படியில் நின்று குரலை எடுத்தார். “உள்ள போ, உள்ள போ. நடுவுல எடம் இருக்குது பாரு. பைய மடியில வை.”

முன்பின் தெரியாத சென்னைக்காரர்கள் ஒரு வரிசை முழுக்க நகர்ந்து, ஓரத்தில் இரண்டு இடம் விட்டார்கள். பெரிய சாமர்த்தியம் என்று சொல்லமாட்டேன்; அந்தக் குரலுக்குப் பழகிய உடம்புகள், அவ்வளவுதான்.

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது கடைசி ரெய்டு அறிவுமதிக்கு வந்தது. பாண்டுரங்கன் துண்டைத் தூக்கி ஆட்டினார். அவள் நிமிரவே இல்லை. நேராகப் பாய்ந்து இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். வசந்தா பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பாண்டுரங்கன் “ரைட், ரைட், போலாம்” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு இறுதியாட்டம். வீராங்கனைகளின் குடும்பத்துக்கு முன்வரிசையில், எந்தப் பக்கம் மாறினாலும் முகம் தெரிகிற நடு சீட்டே கொடுத்தார்கள். “அவதான் என் மூஞ்சப் பாக்காமலே தொட்டுட்டு வந்துட்டாளே” என்று பாண்டுரங்கன் தன் சீட்டில் குருவை உட்காரச் சொல்லி வசந்தாவோடு அனுப்பிவிட்டு, அவலூர்பேட்டை வண்டியில் ஏறி நின்றுகொண்டார். ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.