சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரான்

ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்கு மோட்டார் போட்டேன். வேப்பந்தட்டையில் ஒன்பது இருபது பஸ், பெரம்பலூரில் ஆபீஸ், ஆறேகாலுக்குத் திரும்ப வீடு. இதற்கெல்லாம் நிமிடக் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

இரவு ஏழு மணிக்கு நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கையில், ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் வேதியியல் புத்தகத்தோடு வந்தாள்.

“அம்மா, மொதோ எலக்ட்ரான எடுக்க மெக்னீசியத்துக்குத்தான் அதிக ஆற்றல் வேணும்னு போட்டிருக்கு. ரெண்டாவத எடுக்க சோடியத்துக்கு அதிகமாம். எப்படிம்மா மாறுது?”

பதில் தெரியும். தோசையைத் திருப்ப மறந்தேன். தோசை கருகியது. அந்த நாற்றம் அரியலூரில் நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தை நினைவுக்குக் கொண்டுவந்தது. அங்கே எப்போதும் கருகல் நெடியும் அழுகிய முட்டை வாடையும். பி.எஸ்சி. மூன்று வருடமும் என் பக்கத்து மேசை செல்வராணிக்கு.

ராணி மீன்சுருட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். நோட்டு எழுதச் சோம்பல். நானோ மூன்று நிற மையில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுகிறவள். வகுப்பே என் நோட்டைத்தான் கடன் வாங்கும். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இறுதி ஆண்டு வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள் இதே சோடியக் கேள்வி வந்தது. முதல் எலக்ட்ரானுக்கான வரிசையையே இரண்டாவதற்கும் என் நோட்டில் எழுதியிருந்தேன். மெக்னீசியம் அதிகம் என்று. சிவப்பு மையில், கட்டம் கட்டி.

“சோடியம்தானேடி வரணும்?” என்றாள் ராணி. “எங்கூரு பஸ்ஸ நெனச்சுப் பாரு. சோடியத்துல படியில தொங்குறது ஒரே ஆளு. அவன எறக்கியாச்சு. அடுத்து எறக்கணும்னா உள்ள சீட்டு புடிச்சு உக்காந்தவனத்தான் எழுப்பணும். எழுந்திரிப்பானா? மெக்னீசியத்துல படியில ரெண்டு பேருடி. ஒருத்தன் எறங்கினாலும் இன்னொருத்தன் தொங்கிட்டுத்தான் இருப்பான், தள்ளினா வுழுந்துருவான்.”

“பரீட்சையில பஸ் கத சொல்லப்போறியா? நோட்டப் பாரு, தெளிவா எழுதியிருக்கேன்.”

“சரி, நீ எழுதினா சரியாத்தான்டி இருக்கும்.”

மறுநாள் இருவர் இருவராக அழைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டார். ராணி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “மெக்னீசியம் சார்.” காரணம் கேட்டார். அவளிடம் காரணம் இல்லை, அது என் விடைதானே. அவர் தலையசைத்துவிட்டு, “நீ சொல்லும்மா” என்று என் பக்கம் திரும்பினார்.

“சோடியம் சார்” என்றேன். ஓர் எலக்ட்ரான் போனதும் சோடியத்துக்கு நியானின் அமைப்பு வந்துவிடுகிறது, நிறைந்த கூட்டை உடைக்க வேண்டும், மெக்னீசியத்துக்கோ வெளிக்கூட்டில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று மளமளவென்று சொன்னேன். அவ்வளவும் ராணி சொன்னது. பஸ்ஸை மட்டும் எடுத்துவிட்டேன்.

“வெரி குட்” என்றார்.

வெளியே வந்து ராணியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பின்பக்க வழியாகப் போய்விட்டேன். எம்.எஸ்சி. சேரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் விண்ணப்பமே போடவில்லை. “நமக்கெல்லாம் மண்டையில ஏறாது” என்றாளாம். நான் சேர்ந்தேன், முடித்தேன். இன்று ஆபீஸில் கோப்புகளுக்கு எண் போடுகிறேன்.

அந்த ஆய்வகத்தை இடித்துவிட்டார்கள். அது போகட்டும். எந்தக் கேள்வியையும் தன் ஊர் பஸ்ஸில் ஏற்றிப் பார்த்துப் புரிந்துகொண்ட ஒரு பெண் இருந்தாள். அவளை இல்லாமல் ஆக்கியதில் என் அழகான கையெழுத்துக்கும் பங்குண்டு. ராணி இப்போது ஜெயங்கொண்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். நான்கு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது எண் வாங்கிக்கொண்டேன். அழைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக அவளை அழைத்தேன்.

“ராணி, அந்த வைவா... சோடியம் நீ சொன்னதுடி. நான் சொன்னதில்ல.”

ராணி நிதானமாகச் சொன்னாள்.

“தெரியும். நீ வந்து சொல்லுவன்னு அன்னிக்கு காலேஜ் கேட்டாண்ட நின்னேன். ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு.”