மாமனார் பொறுக்கிய மரம்

பரமசிவத்தை வீட்டோடு மாப்பிள்ளை என்று பெரிய காஞ்சிபுரமே கேலி செய்யும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வீடு அப்படிப்பட்டது. ஊரில் பாதி மாடிகளுக்குப் பிளான் வரைந்த மாமனார் கலியாணசுந்தரம், தன் வீட்டுக்கு மட்டும் தேக்கைத் தானே பொறுக்கி, தூண்களைத் தன் கையாலேயே செதுக்கியிருந்தார். 1962-ல் மகனோடு சேலத்துக்குப் போகும்போது, "எதையும் மாத்தாதீங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

பரமசிவம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். தூண்களுக்கு விலை பேச வந்த பட்டணத்து வியாபாரியைத் தெருமுனை வரை துரத்தினார். ஆனால் அவர் நெசவாளி. கூடத்தில் தறி போட்டிருந்தார். ஆடிக் காற்றில் பட்டு இழை காய்ந்து பட்பட்டென்று அறுந்தது. உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் மாமனார் துளைகள் விட்டிருந்தார். காற்று அந்த வழியாகத்தான் வந்தது. பழைய வேட்டியைத் திணித்துக் களிமண் பூசினார். கந்தலும் மண்ணும் ஒரு மாற்றமா என்ன! ஆடி போனதும் எடுத்துவிட நினைத்தவர் எடுக்கவே இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளையில் அடைப்பு சுவரோடு சுவராகிவிட்டது.

1970-ல், ஐப்பசி மழையில் உத்திரம் இறங்கியது. செய்தி கேட்டு மாமனார் ஓடி வந்தார். தச்சர் வீரபாகு உளியால் குத்த, உத்திரத்தின் முனை சோறாகக் கொட்டியது. கண்புரை விழுந்த மாமனாருக்கு அடைப்பு தெரியவில்லை.

"நான் பொறுக்கின மரம்பா. எல்லாம் ஒரே லாட்டு. இடிச்சிடுங்க, பசங்க தலைல விழப்போவுது."

தேள் கொட்டிய திருடனாகப் பரமசிவம் நின்றார். கிழவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "உன் தலைக்கு மேல உளுத்த மரத்த வச்சிட்டேனேமா" என்று மகள் அம்சவேணியிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்திருப்பது நரகமாக இருந்தது. ஆனாலும் பரமசிவம் உட்கார்ந்துதான் இருந்தார்.

இடிக்க ஆட்கள் வந்து கூரையின் முதல் ஓட்டைப் பிரித்தபோதுதான் பரமசிவம் ஏணியில் ஏறிக் கந்தலைப் பிடுங்கினார்.

"மாமா, மரத்து மேல தப்பு இல்ல. நான்தான் துளைய அடைச்சேன். காத்து போவாம, ஈரம் தங்கி மக்கிப்போச்சு."

கிழவர் அந்தக் கந்தலை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"அப்போ நல்ல மரம்தானா, மாப்பிள்ளை?"

"நல்ல மரம் மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா மாமா."

கிழவர் அழுதார், உடனே சிரித்தார். "முனைய மட்டும் மாத்தினா போதும்பா, வீடு நிக்கும்! அம்சா, சோறு போடுமா, பசிக்குது."

கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து இலையில் பரமசிவத்துக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. மனுஷன் ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது இறங்கியிருக்கும்.