எல்ம் எண்டால் என்ன கருத்து?

தமிழில என்ன பேர்?

"தம்பி! உந்த மரத்துக்குத் தமிழில என்ன பேர்?"

இடுப்பில் கயிறு, கையில் ஓடுகிற மிஷின் வாள். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மரத்தின் பாதியில் தொங்குகிறேன். கீழே வீட்டுக்கார அன்ரி. மரம் வெட்டுகிறவனை மரம் விழுத்தாது, அண்ணாந்து கேள்வி கேட்கிற ஆள்தான் விழுத்தும். வாடிக்கையாளரோடு மாரடிக்கிற ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வாளை நிறுத்தினேன். "எல்ம், அன்ரி. எங்கட ஊரில இல்லாத மரம். தமிழ்ப் பேர் இல்லை."

அன்ரி கொஞ்சம் யோசித்தா. "பேரே இல்லையோ? அப்ப இன்னும் கொஞ்சம் கீழயா வெட்டும்."

பேர் காணும்

அன்றைக்கே போனில் தேடினேன். மிகப் பழைய சொல்லாம். செம்மண்ணிறம் என்பதுதான் அதன் வேர் என்று சிலர் சொல்கிறார்கள். வெட்டின கொப்பின் நடுவைப் பார்த்தால் சரியாக அந்த நிறம். முதலாளி சிவா அண்ணையிடம் சொன்னேன். "உது விலைப்படாது. கேட்டா 'செல்வம்' எண்டு சொல்லு" என்றார்.

அஜக்ஸ் பக்கம் மரம் வெட்டப் போனோம். அங்கே ஒரு அங்கிள் புது வீடு வாங்கியிருந்தார். தெருவின் பெயர் எல்ம். அந்தப் பேருக்குக் கருத்துக் கேட்டார். "செல்வம், அங்கிள். லட்சுமி மாதிரி" என்று அண்ணை அவிழ்த்துவிட்டார். அங்கிளின் முகம் பல்ப் மாதிரி எரிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "அங்கிள், உந்தத் தெருவில ஒரு எல்ம் மரமும் இல்லை. கனக்க மரம் நோய் வந்து செத்துப்போச்சு."

அங்கிள் என்னை முறைத்தார். "மரம் நிண்டா இலை கூட்ட வேணும், தம்பி. பேர் இருந்தாக் காணும்."

மெடிசின்

பிக்கரிங்கில் ஒரு வீடு. வாசலுக்கு நேரே பெரிய எல்ம், நல்ல சுகதேகி. மகளுக்கு மெடிசின் படிக்க இடம் கிடைக்காததற்கு, வாஸ்துப்படி, வாசலை மறிக்கிற அந்த மரம்தான் காரணமென்று தகப்பன் முடிவு கட்டிவிட்டார். நிழல் போய்விடும், வெட்டவே விடமாட்டேன் என்று தாய். இரண்டு பேரும் ஓம் என்றால்தான் சிற்றியிடம், அதாவது நகரசபையிடம், அனுமதி கேட்கலாம்.

நான் ஏணியை இறக்கும்போது மகள் கராஜ் பக்கம் வந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "ப்ரோ, அப்பாக்குச் சொல்லாதை. நான் அப்ளை பண்ணவே இல்லை."

செம்மண்ணிறம்

அதே வீட்டு எல்மில் அண்ணை ஒரு கொப்பை வெட்டி என் கையில் தந்தார். "நடுவில உந்த நிறத்தைக் காட்டு. நோய் எண்டு தாய் அன்ரிக்குச் சொல்லு, அவ ஓம் எண்டுவா. நீ சின்னப் பொடியன், உன்னை நம்புவா. பிறகு வாயை மூடு."

அன்ரி கொப்பைத் தடவிப் பார்த்தா. கண் கலங்கிவிட்டது. "உண்மையா வருத்தமோ, தம்பி?"

"இல்லை, அன்ரி. அதின்ர நிறமே உதுதான். பேருக்கும் அதுதான் கருத்தாம். மரத்துக்கு ஒண்டுமில்லை."

அன்ரி வெட்ட விடவில்லை. அண்ணை வான் கதவை அடித்துச் சாத்தினார். பிறகு கேட்டார்: "பள்ளிக்கூடத்தாலயும் உந்த வாயாலதானே வெளிய வந்தனீ?"

ஒரே வீட்டில் இரண்டு பேர் எனக்கு வாயை மூடச் சொன்னார்கள். மகளுக்காக மூடினேன், முதலாளிக்காக மூடவில்லை, மரம் அங்கேயே நிற்கிறது, நான் வேறு வேலை தேடுகிறேன்.