கோழிப்பண்ணைக்காரர் வைத்த அழைப்பு

நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த அவருக்கு நரைத்த முறுக்கு மீசை. சட்டைப்பையில் எந்நேரமும் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று எட்டிப்பார்க்கும். எதிரே வருபவரை ஏதாவதொரு விசேஷத்துக்கு அழைக்காமல் விடமாட்டார்.

அவருடைய கணினியில் இலவச டேட்டாபேஸ் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொடுத்து மேதாவியானேன். பிறகுதான் தெரிந்தது, அதில் எக்செல் கோப்பு ஏறாது. பழைய முட்டைக் கணக்கையெல்லாம் அவர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அந்த வசதியைச் சேர்க்கச் சொல்லி, மென்பொருளை உருவாக்கும் வெளிநாட்டாரின் இணையப் பக்கத்தில் நீளமாக எழுதினேன். ஒருவரும் சீந்தவில்லை. யாரும் பேசாத கோரிக்கையை வெள்ளிக்கிழமை மூடிவிடுவோம் என்று அறிவிப்பு மட்டும் வந்தது. அவரிடம் புலம்பினேன்.

"ஏனுங்க, அவிகள ஒரு விசேஷத்துக்காச்சும் கூப்புட்டீங்களா?"

"இல்லீங்க."

"கூப்புடாத ஊட்டுல போயி உதவி கேட்டா எப்படீங்க சாமி செய்வாங்க?"

என் கோரிக்கைக்குக் கீழேயே பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையைப் படம்பிடித்துப் போட்டார். மானம் போயிற்று என்று நான் தலைமறைவானேன். மறுநாள் பார்த்தால், பத்திரிகையை மொழிபெயர்த்துப் படித்துவிட்டு அங்கே ஒரே கூட்டம். குழந்தைக்கு வலிக்குமா, சைவச் சாப்பாடு உண்டா, என்ன உடுத்தி வருவது? பேச்சு நடப்பதால் கோரிக்கையை மூடவில்லை. கடைசியில் இரண்டு பேர் அந்த வசதியை எழுதிக் கொடுத்தே விட்டார்கள். வர முடியாததால் இது பேத்திக்குத் தங்கள் பரிசாம்.

முட்டைக் கணக்கு நொடியில் ஏறியது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"மொய்யின்னா திருப்பிச் செய்யோணுமுங்களே. அவிகளுக்கு என்ன வேணுமோ நீங்க எழுதிக் குடுத்துருங்க."

அவர் சார்பில் அந்த மென்பொருளின் பிழைகளை இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறேன். காதுகுத்துக்கு என்னை ஏன் அழைக்கவில்லை என்பதுதான் புரியவில்லை.