இஸ்திரிக்காரரின் இடது கை

கடைத்தெருவில் அவரை எல்லோரும் 'மடிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தேய்த்த சட்டையில் மடிப்பு அப்படி நிற்கும். இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பது என்னவோ வலது கைதான். ஆனால் துணியை இழுத்துப் பிடிப்பது, சுருக்கத்தைத் தடவிப் பார்ப்பது, சூடு ஏறிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பது எல்லாம் இடது கை. பாழாய்ப்போன பக்கவாதம் வந்ததே, அது அந்தக் கையைப் பார்த்துத்தான் பிடித்தது!

உடற்பயிற்சியோடு அக்குபஞ்சரும் பார்க்கலாம் என்று மனைவி கூட்டிப் போனாள். வைத்தியர் அளக்கிற ஆள் இல்லை. "உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். தலைமுடி மாதிரி மெல்லிய ஊசியைக் குத்திவிட்டு, "தெரியுதா?" என்று கேட்பார்.

"இல்ல."

ஒவ்வொரு "இல்ல"வுக்கும், மூலையில் உட்கார்ந்திருக்கும் மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். தோள் குலுங்குவது தெரியும். இத்தனை மாதமும் தன்னந்தனியாகக் கடையைத் திறந்து, தேய்த்து, இடுப்பு ஒடிந்து போனவள். அவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் ஊசி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "ஸ்... சுருக்குங்குது" என்றார்.

அவள் முகத்தைப் பார்க்கணுமே! வயிற்றில் பாலை வார்த்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. அப்புறம் என்ன, வாராவாரம் இதே கூத்துதான். ஊசியையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்து, சரியான நேரத்தில் ஒரு "ஸ்" போடுவார். கை ஓரளவு அசையவும் ஆரம்பித்ததால், வைத்தியரும் நம்பிவிட்டார். இனி சின்னச் சின்ன வேலை செய்யலாம் என்றார்.

"நீ கொஞ்சம் உட்காரு, நான் நிக்கிறேன்" என்று கடையில் பெட்டியைக் கையில் எடுத்தார். தேய்க்கத் தேய்க்க மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திடீரென்று கருகல் நாற்றம். ஐயையோ, சட்டை போச்சே என்று பதறி, பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து துணியை ஆராய்ந்தார். எங்கேயும் தீயவில்லை.

மனைவிதான் அலறினாள். "கையை எடுங்க! ஐயோ, கையை எடுங்க!"

"எந்தக் கையை?"

பெட்டி அவருடைய விரல்கள் மேல் நின்றுகொண்டிருந்தது.

குழாயடியில் தோல் கழன்று வந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா, ஏன் மறைச்சீங்க?"

"நீ அழுவியேன்னுதான்."

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறிய பிறகு, வைத்தியர் முழங்கையிலிருந்து மறுபடியும் ஊசி குத்த ஆரம்பித்தார். அவள் மூலையில் உட்காரவில்லை. பக்கத்தில் வந்து நின்று, தன் கையால் அவர் கண்ணைப் பொத்தினாள்.

"தெரியுதா?"

"இல்ல."

அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. ஆனால் அவர் கண்மேல் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.